பெரிய நம்பர்க்காரர்கள்

கடைப் பலகையிலோ கல்யாணப் பத்திரிகையிலோ & என்ற அந்தக் குறியைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு குறி மேல் இவ்வளவு ஆத்திரமா என்று என் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். செய்துவிட்டுப் போகட்டும். அவர்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பாதிக்கிறார்கள். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நாற்பது பேர் பிழைப்பில் மண்ணைப் போட்டவள். இதை அவர்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

எண்பதுகளின் பின்பாதி அது. செம்பூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில், வளைகுடா நாடுகளுக்கு ஆள் எடுத்து அனுப்பும் ஏஜென்சி ஒன்று இருந்தது. அங்கே எனக்கு கம்ப்யூட்டர் ஆபரேட்டர் வேலை. தாராவியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவேன். முனிசிபாலிட்டி தமிழ்ப் பள்ளியில் படித்து, டைப்பிங் பாஸ் செய்து, ஆறு மாதம் கம்ப்யூட்டர் கிளாஸ் என்ற பெயரில் எதையோ கற்றுக்கொண்டு வந்தவள் நான். எங்கள் சந்தில் ஏசி அறையில் உட்கார்ந்து வேலை பார்த்த ஒரே பெண் என்பதால் எனக்குத் தலைக்கனமும் கொஞ்சம் இருந்தது. அதை மறைப்பானேன்.

முதலாளி திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம். தாராவியில் தோல் பட்டறை வைத்திருந்து பிறகு இந்தத் தொழிலுக்கு வந்தவர். எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவோம். குரலை உயர்த்த மாட்டார். ஆனால் கேள்வி கேட்டால் பதில் வரும்வரை முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அதுவே போதும்.

அந்த கம்ப்யூட்டருக்கு புரோகிராம் எழுதித் தந்தவர் மாட்டுங்காவிலிருந்து வருவார். வாரத்துக்கு மூன்று நாள். அவரை நான் சார் என்பேன். தமிழர்தான், ஆனால் என்னிடம் முதலில் இங்கிலீஷில்தான் பேசுவார். நான் விழிப்பதைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, போனால் போகிறது என்று தமிழுக்கு இறங்கி வருவார். தாராவித் தமிழ் அவருக்குச் சிரிப்பு. நான் ஒருநாள் "வாரேன் சார்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியபோது, "வாரியா, போறியா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். அன்றிலிருந்து அவரைக் கண்டால் எனக்கு ஆகாது.

இப்போது மாதிரிக் கட்டம் கட்டமாகத் திரையில் வந்து நிரப்பச் சொல்கிற வசதியெல்லாம் அந்த மெஷினில் கிடையாது. கறுப்புத் திரை. இடது ஓரத்தில் ஒரு டாலர் குறி. அதற்குப் பக்கத்தில் நாமே ஒரே வரியாக எல்லாவற்றையும் தட்ட வேண்டும். முதலில் 'ரெக்' என்ற புரோகிராமின் பெயர். பிறகு ஆளின் பெயர், அவனுக்குத் தெரிந்த வேலை, வயது, ஊர். எல்லாம் வரிசையாக, நடுவில் ஒவ்வொரு இடம் விட்டு. தட்டி முடித்து என்டரை அழுத்தினால் திரையில் ஒரு நம்பர் வரும். அதைச் சின்னச் சீட்டில் எழுதி ஜன்னல் வழியாக வெளியே நிற்கும் ஆளிடம் நீட்டுவேன். அதுதான் அவனுடைய பதிவு நம்பர்.

பெயருக்குள் இடம் விடக் கூடாது, இனிஷியலுக்கும் பெயருக்கும் நடுவில் புள்ளி வைக்க வேண்டும் என்று சார் சொல்லியிருந்தார். ஏன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் இங்கிலீஷில் பதில் வருமே.

ஏஜென்சியின் ஃபாரத்தில் வேலை என்ற இடத்தில் இரண்டு கோடுகள் போட்டு, நடுவில் & என்று அச்சடித்திருப்பார்கள். ஒரு வேலை மட்டும் தெரிந்தவன் முதல் கோட்டை நிரப்பிவிட்டு விட்டுவிடுவான். இரண்டு வேலை தெரிந்தவன் இரண்டையும் நிரப்புவான். ஃபிட்டர் & வெல்டர். பிளம்பர் & ஃபிட்டர். மேசன் & டைல்ஸ். இரண்டு வேலை தெரிந்தவனுக்குத்தான் அங்கே மவுசு. ஒருவனுக்குச் சாப்பாடும் படுக்கையும் கொடுத்து இரண்டு பேர் வேலையை வாங்கலாம் இல்லையா.

முதல் நாள் நான் 'ஃபிட்டர்-அண்ட்-வெல்டர்' என்றுதான் தட்டினேன். ஏ, என், டி என்று மூன்று எழுத்தும் போட்டு, ஒழுங்காக. சோதனைக்காக அச்செடுத்துப் பார்த்த சார் காகிதத்தை என் மேஜையில் போட்டார். அந்தப் பத்தியில் இடம் போதாமல் 'வெல்டர்' பாதியில் வெட்டுப்பட்டிருந்தது.

"இவ்ளோ நீளமா எதுக்கு அடிக்கறே? ஃபாரம்ல என்ன போட்டிருக்கு? அந்தக் குறியையே போடு. எடம் மிச்சம்."

"குறியா சார்?"

"ஏழாம் நம்பர் மேல இருக்கும். ஷிஃப்ட் அழுத்தணும். ஷிஃப்ட்னா தெரியுமோல்லியோ?"

டைப்பிங்கில் ஹையர் பாஸ் செய்தவளிடம் கேட்ட கேள்வி அது. ஷிஃப்டை அழுத்தினேன். அன்றிலிருந்து, இடமே விடாமல் ஃபிட்டர்&வெல்டர் என்று தட்ட ஆரம்பித்தேன். அவர் சொன்னபடி. ஒரு எழுத்துப் பிசகாமல்.

மற்றவர்களுக்கு நூற்றிருபது, நூற்றிருபத்தொன்று என்று நம்பர் வந்துகொண்டிருந்தபோது, இரண்டு வேலைக்காரர்களுக்கு மட்டும் ஐந்நூறு, அறுநூறு என்று பெரிய நம்பராக வந்தது. அதற்குக் கீழே 'வெல்டர்: நாட் ஃபவுண்ட்' என்று ஒரு வரியும் வந்தது. எனக்கு அது ஒன்றும் கோளாறாகத் தெரியவில்லை. இரண்டு வேலை தெரிந்தவர்களுக்கு மெஷின் தனி வரிசை வைத்திருக்கிறது, இரண்டாவது வேலைக்கு இப்போதைக்கு இடம் காலி இல்லை என்று சொல்கிறது, இடம் வந்தால் சேர்த்துக்கொள்ளும் என்று நானாகவே ஒரு விளக்கம் கட்டிக்கொண்டேன். ஜன்னலில் நின்றவர்களுக்கும் அதையே சொன்னேன். எவ்வளவு தெளிவாகச் சொன்னேன் என்பதை நினைத்தால் இப்போது என் வாயிலேயே நாலு போடலாம் போலிருக்கிறது.

தாராவியிலும் பக்கத்து லேபர் கேம்ப் குடியிருப்பிலும் இது பரவிவிட்டது. பெரிய நம்பர்க்காரன் என்றால் ஒரு மரியாதை. டீக்கடையில் சீட்டை எடுத்து ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். "ஏல, ஒனக்கு எத்தன? எனக்கு எழுநூத்தி நாலு, பக்கா." சின்ன நம்பர் வாங்கியவன் என் ஜன்னலுக்கு வந்து, எனக்கும் வெல்டிங் கொஞ்சம் தெரியும் மேடம், பெரிய நம்பராகப் போட்டுத் தாருங்கள் என்று கெஞ்சினான். ஒருநாள் இரண்டு பேர் ஒரே நம்பர் போட்ட சீட்டோடு வந்து நின்று சண்டை. ஒருவனுக்குத் திங்கட்கிழமை கொடுத்தது, மற்றவனுக்குப் புதன்கிழமை கொடுத்தது. இரண்டுமே அறுநூற்றுப் பன்னிரண்டு. நான் இரண்டு சீட்டையும் வாங்கி ஒன்றில் 'ஏ' என்றும் மற்றதில் 'பி' என்றும் எழுதிக் கொடுத்து, சமாதானமாக அனுப்பி வைத்தேன். லஃப்டா தீர்ந்தது என்று எனக்கு ஒரே பெருமை.

அக்கா புருஷனும் அந்த வாரம்தான் வந்தார். எங்கள் அத்தான் அம்பர்நாத்தில் ஒரு ஃபாக்டரியில் ஃபிட்டர். வெல்டிங்கும் செய்வார். அக்காவும் அவரும் இரண்டு குழந்தைகளும் நானும் அம்மாவும் ஒரே கோலியில் இருந்தோம். கோலி என்றால் ஒற்றை அறை, நடுவில் ஒரு துணித்திரை. அத்தானோடு அதே ஃபாக்டரியில் வேலை செய்கிற சிநேகிதரும் கூட வந்தார். லேபர் கேம்ப்பில் இருப்பவர், அவரும் ஃபிட்டரும் வெல்டரும்தான். இரண்டு பேரும் ஒரே ரயிலில் போய் ஒரே ரயிலில் திரும்புகிறவர்கள். ஒரே நாளில், ஒருவர் பின்னால் ஒருவராக நின்று ஃபாரம் கொடுத்தார்கள். நான்தான் தட்டினேன். அத்தானுக்கு எழுநூற்று முப்பத்தொன்று. சிநேகிதருக்கு எழுநூற்று முப்பத்தாறு.

அன்று சாயங்காலம் அத்தான் என்னிடம் கேட்டார். "ஏளா, நெசமாச் சொல்லு. வேல கெடைக்குமா, கெடைக்காதா? இங்க ஃபாக்டரில நோட்டீஸ் குடுக்கணும். ஒரு மாசம் முன்னாடி எழுதிக் குடுத்தாத்தான் விடுவான்."

"பெரிய நம்பரு அத்தான். ரெண்டு வேல வேற. கண்டிப்பாக் கூப்புடுவாவ. எழுதிக் குடுத்துருங்க."

அவர் எழுதிக் கொடுத்தார். அவர் கொடுத்ததைப் பார்த்துச் சிநேகிதரும் எழுதிக் கொடுத்தார். என் வாக்கை நம்பித்தான். வேறு எந்த ஆதாரமும் அவர்களிடம் இல்லை.

மூன்று வாரம் கழித்து, பதிவானவர்களின் லிஸ்ட் அச்சாகி வந்தது. பாய் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு, அன்றே டெலக்ஸில் ஆள் கேட்டிருந்த வளைகுடாக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டார். மறுநாள் காலையில் அதன் நகல் என் மேஜைக்கு வந்தது. அத்தான் பெயரைத் தேடினேன். இல்லை. சிநேகிதர் பெயரைத் தேடினேன். அதுவும் இல்லை. பிறகு பெயரை விட்டுவிட்டு வேலைப் பத்தியில் விரலை வைத்து மேலிருந்து கீழே இறக்கினேன். ஃபிட்டர், வெல்டர், மேசன், பிளம்பர். எல்லாம் ஒற்றை ஒற்றையாக இருந்தது. நான் ஷிஃப்டை அழுத்தி அழுத்திப் போட்ட அந்தக் குறி காகிதம் முழுக்க ஒரு இடத்தில்கூட இல்லை. 

மதியம் சார் தன் டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். போய் நின்றேன்.

"சார், டபுள் ட்ரேட் ஆளுங்க பேரு ஒண்ணுகூட லிஸ்ட்ல இல்ல."

"நீ ஏத்தியிருக்க மாட்டே."

"ஏத்தினேன் சார். எல்லாருக்கும் நம்பர் வந்துச்சு."

"என்ன நம்பர்?"

நான் குறித்து வைத்திருந்த நோட்டைக் காட்டினேன். அறுநூற்றுப் பன்னிரண்டு ஏ, அறுநூற்றுப் பன்னிரண்டு பி என்ற இடத்தில் அவர் கண் நின்றது. "உட்கார். எப்படி அடிச்சியோ, அதே மாதிரி அடி" என்றார்.

தட்டினேன். என்டரை அழுத்தினேன். நம்பர் வந்தது. கீழே 'வெல்டர்: நாட் ஃபவுண்ட்' வந்தது. அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"கொட்டேஷன் மார்க் எங்கே?"

"எதுக்கு சார் கொட்டேஷன் மார்க்?"

அவர் கையைக் கழுவிவிட்டு வந்து விளக்கினார். அதை விளக்கம் என்று சொல்வதா, திட்டு என்று சொல்வதா என்று தெரியவில்லை. நாம் தட்டுகிற வரி நேராக 'ரெக்' புரோகிராமிடம் போவதில்லையாம். நடுவில் ஷெல் என்று ஒருவன் உட்கார்ந்திருக்கிறானாம். அவன்தான் வரியை முதலில் வாங்கிப் படிப்பானாம். சாதாரண எழுத்துகளை அப்படியே உள்ளே தள்ளிவிடுவான். ஆனால் சில குறிகளைக் கண்டால் அவை தனக்கு வந்த உத்தரவு என்று எடுத்துக்கொள்வான். இடம் கண்டால் அங்கே வெட்டுவான், அதனால்தான் பெயரில் புள்ளி. & என்பது அவனுக்கு என்ன அர்த்தம் தெரியுமா? 'இதற்கு முன்னால் இருப்பதைத் தனியே பின்னால் ஓடவிட்டு, நீ அடுத்ததைப் பார்.' ஆக, ஃபிட்டர் என்பதோடு என் வரி அறுந்துவிட்டது. வயதும் ஊரும் இல்லாமல் அரைகுறையாகப் போய் நின்ற தகவலை 'ரெக்' ஏற்றுக்கொள்ளவில்லை. வெல்டர் என்பதைத் தனியாக ஒரு புரோகிராம் பெயர் என்று நினைத்து ஷெல் தேடிப்பார்த்து, அப்படி ஒன்றும் இங்கே கிடையாது என்று சொல்லியிருக்கிறான். நான் அதைக் காலியிடம் இல்லை என்று புரிந்துகொண்டு ஊருக்கே அறிவித்திருக்கிறேன்.

"அப்போ அந்த நம்பர்?"

"அது பின்னாடி ஓடவிட்ட வேலையோட நம்பர். மெஷின் தனக்காக வெச்சுக்கறது. காலைல ஆன் பண்ணா திரும்ப முதல்லேர்ந்து வரும். ரெண்டு பேருக்கு ஒரே நம்பர் வந்தப்பவாவது தோணலியா உனக்கு? ஏ, பி போட்டிருக்கே! யாரைக் கேட்டுப் போட்டே?"

மெஷின் தன் உபயோகத்துக்குக் காட்டிய எண்ணை, நான் அழகாக எழுதி, நாற்பத்தோரு பேர் சட்டைப்பையில் வைத்து அனுப்பியிருக்கிறேன். அவர்கள் அதை டீக்கடையில் காட்டிப் பெருமையடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

"நீங்கதான சார் அந்தக் குறியப் போடச் சொன்னீங்க?"

"போடச் சொன்னேன். கொட்டேஷன்குள்ள போடணும். இதெல்லாம் சொல்லணுமா? பேசிக் விஷயம்."

அவர் வேண்டுமென்று மறைக்கவில்லை, அது எனக்குத் தெரியும். அவர் கை தானாகவே மேற்கோள் குறி போட்டுப் பழகியது. தான் போடுகிறோம் என்பதே அவருக்கு ஞாபகமில்லை. அவர் சோதித்துப் பார்த்தபோதெல்லாம் அது ஒழுங்காக வேலை செய்திருக்கிறது. எனக்கு ஷிஃப்ட் தெரியுமா என்று கேட்கத் தோன்றிய மனுஷனுக்கு, அந்த வேலைப் பெயருக்கு இரண்டு பக்கமும் மேற்கோள் வேண்டும் என்று சொல்லத் தோன்றவில்லை. தகவல் குறைவாக வந்தால் அதைத் திரையில் காட்டவும் அவருக்குத் தோன்றவில்லை. அதை ஒரு மூலையில் உள்ள கோப்பில் எழுதிவைக்கும்படி செய்திருந்தார். யார் போய்ப் பார்ப்பார்கள்? அந்தக் கோப்பைத் திறந்தார். நாற்பத்தோரு வரி. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், 'தகவல் போதாது' என்ற சொல். மூன்று வாரமாக மெஷின் உண்மையைச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, யாருக்கும் கேட்காத இடத்தில்.

ஃபாரங்கள் எல்லாம் அலமாரியில் இருந்தன. ஒரு மத்தியானம் உட்கார்ந்தால் நாற்பத்தொன்றையும் திரும்ப ஏற்றிவிடலாம். அதைத்தான் சொன்னேன். "இப்பவே ஏத்திடறேன் சார். பாய்கிட்ட சொல்லி வேற லிஸ்ட் அனுப்பச் சொல்லலாம்."

அவர் கதவைப் பார்த்தார். பிறகு முதல்முறையாக, அதட்டாமல் என்னோடு பேசினார்.

"இதோ பாரு. நேத்து லிஸ்ட் போயாச்சு. ஒரு பேர் விட்டுப்போச்சுன்னு டெலக்ஸ் அடிச்சா அது டைப்பிங் மிஸ்டேக். நாப்பத்தோரு பேர்னா அது என் புரோகிராம் மேல வரும். பாய் என்னை நிறுத்துவார். அதுக்கு முன்னாடி உன்னை நிறுத்துவார். சீட்டுல நம்பர் எழுதினது உன் கையெழுத்து. அந்த நாப்பத்தோரு பேரும் தாராவிக்காரா. உன் வீடும் அங்கதானே?"

நான் அலமாரியைப் பார்த்தேன்.

"இதுல உனக்குத் தெரிஞ்சவா யாராவது இருக்காளா?"

எப்படிக் கண்டுபிடித்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. என் முகத்தில் எழுதியிருந்திருக்கும்.

"எங்க அத்தான்" என்றேன்.

"பேரைச் சொல்லு. அந்த ஒண்ணை நான் பார்த்துக்கறேன்."

பெயரைச் சொன்னேன். சொல்வதற்கு நான் எடுத்துக்கொண்ட நேரம் மிகவும் குறைவு. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. கொஞ்சமாவது யோசித்திருக்கலாம். அந்தச் சிநேகிதர் பெயரையும் சேர்த்துச் சொல்லிப்பார்த்திருக்கலாம். ஒன்று என்றால் ஒன்று என்று வாங்கிக்கொண்டேன். அவர் உட்கார்ந்து, மேற்கோள் குறிக்குள் ஃபிட்டர்&வெல்டர் என்று தட்டினார். நூற்று எழுபத்து மூன்று என்று சின்ன நம்பர் வந்தது. அதன் பிறகு அந்த மூலைக் கோப்பை அழித்துவிட்டார். அழிப்பதற்கு நான்கைந்து எழுத்துதான் தட்ட வேண்டியிருந்தது.

சாயங்காலம் பாய் என்னைக் கூப்பிட்டார். மேஜையில் லிஸ்ட் விரித்திருந்தது. அந்த ஒரு பெயரை விட்டுப்போனதாகச் சேர்க்கச் சொல்லி சார் ஏற்கனவே அவரிடம் சொல்லிவிட்டிருந்தார்.

"ஏம்மா, ரெட்ட வேல தெரிஞ்ச ஆளு ஒருத்தந்தானா நம்மகிட்ட வந்தான்? தாராவி பூரா ஃபிட்டரும் வெல்டருமால்லா அலையுதான். கம்பெனிக்காரன் அவனுவளத்தான் கேக்கான்."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அலமாரி எனக்குப் பின்னால்தான் இருந்தது, நாற்பது ஃபாரத்தோடு. கையை நீட்டி எடுத்து அவர் முன்னால் வைத்திருக்கலாம். அவர் கோபப்பட்டிருப்பார், ஆனால் இன்னொரு டெலக்ஸும் அனுப்பியிருப்பார். வியாபாரி, ஆள் வேண்டும் அவருக்கு. அது அப்போதே எனக்குத் தெரியும்.

"ஒருத்தர்தான் பாய்" என்றேன்.

அத்தானுக்கு இன்டர்வியூக் கடிதம் வந்தது. அக்கா அதைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள். அத்தான் மட்டும் சந்தோஷப்படவில்லை. "அவனுக்கு வரலியே. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான குடுத்தோம். நம்பருகூட அஞ்சுதான வித்தியாசம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் எனக்குத் தாங்கவில்லை. நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டேன். அத்தான் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். அக்காதான் பேசினாள்.

"வெளிய எவகிட்டயும் மூச்சு விடக் கூடாது, கேட்டியா? நீங்களும்தான். நோட்டீஸ் குடுத்தாச்சு. நமக்கு ரெண்டு பிள்ளைய இருக்கு."

"அவனுக்கும் இருக்குல்லா" என்றார் அத்தான்.

"அப்போ போய்ச் சொல்லிட்டு வாங்க. ரெண்டு பேருமா வீட்டுல குத்தவச்சு இருங்க."

அத்தான் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. காலையில் எழுந்து, இன்டர்வியூவுக்காக ஷூவுக்கு பாலிஷ் போட்டார். அதன் பிறகு அந்தப் பேச்சை எங்கள் வீட்டில் யாரும் எடுக்கவில்லை. அத்தான் அந்த மாதக் கடைசியில் தேர்வானார். ஒருவன் நல்லவன், ஒருவன் கெட்டவன் என்று பிரிக்கிற வேலையை நான் எப்போதோ விட்டுவிட்டேன். எங்கள் கோலியிலேயே அதைப் பிரிக்க முடியவில்லை.

ஆபீசில் மேனுவல் என்று தடியாக ஒரு புத்தகம் அலமாரியின் மேல் கிடந்தது. வன்மத்தோடு அதைப் படித்தேன். டிக்ஷனரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மதியமும். அந்த & சமாச்சாரம் ஆரம்பப் பக்கங்களிலேயே இருந்தது. நட்சத்திரக் குறி போட்டால் அங்கே உள்ள எல்லாக் கோப்பின் பெயரையும் அந்த ஷெல் கொண்டுவந்து கொட்டிவிடுவான். அரைப்புள்ளி போட்டால் வரியை முடித்துவிடுவான். டாலர் குறிக்கு இரட்டை மேற்கோள் போதாது, ஒற்றை மேற்கோள்தான் அடக்கும். எல்லாவற்றையும் கற்றுக்கொண்டேன். சாரைவிட நன்றாகவே கற்றுக்கொண்டேன் என்று சொல்லலாம். அவர் தப்பு செய்கிற நாளுக்காகக் காத்திருந்தேன், செய்ததும் பாய் முன்னால் வைத்துச் சொல்ல வேண்டும் என்று. அவர் தப்பே செய்யவில்லை. கொஞ்ச நாளில் பெரிய சம்பளத்துக்கு வேறு எங்கோ போய்விட்டார். போகும்போது குலுக்குவதற்காக என்னிடம் கையை நீட்டினார். கொடுத்தேன்.

பெரிய நம்பர்க்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக ஜன்னலுக்கு வர ஆரம்பித்தார்கள். சீட்டை நீட்டுவார்கள். நான் லிஸ்டில் தேடுவது மாதிரி விரலை ஓட்டுவேன். பிறகு தலையை ஆட்டுவேன். "இந்தத் தடவ செலக்ட் ஆகல. அடுத்த தடவ பாக்கலாம்." சிலர் இந்தியில் கத்தினார்கள். ஒருவர் ஜன்னல் கம்பியைப் பிடித்து உலுக்கினார். இன்னொருவர் ஏஜென்சி முழுக்கத் திருட்டுக் கூட்டம் என்று மாடிப்படியில் நின்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். அவர்களை என்னால் சமாளிக்க முடிந்தது. கத்துகிறவனைப் பார்த்துத் திருப்பிக் கத்தினால் முடிந்தது. எனக்கு நாக்கு நீளம்.

அத்தான் விமானம் ஏறி இரண்டு வாரம் ஆகியிருக்கும். சிநேகிதர் வந்தார். நோட்டீஸ் மாதம் முடிந்து அம்பர்நாத் வேலை போய்விட்டது, திரும்பக் கேட்டதற்கு ஆள் போட்டாயிற்று என்று சொல்லிவிட்டார்கள் என்று எனக்கு ஏற்கனவே தெரியும். அவர் மனைவி வீடுகளில் பாத்திரம் கழுவப் போகிறாள் என்றும் தெரியும். வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் சீட்டை நீட்டினார். மடித்து மடித்து நான்காகக் கிழியப் பார்த்தது. எழுநூற்று முப்பத்தாறு. என் கையெழுத்து.

நான் லிஸ்டில் விரலை ஓட்டினேன். அவரிடம்கூட அதைச் செய்தேன்.

"செலக்ட் ஆகலண்ணே."

அவர் கோபப்படுவார் என்று தயாராக இருந்தேன். நீ சொல்லித்தானே வேலையை விட்டேன் என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். கேட்டால் எல்லாவற்றையும் கொட்டிவிடுவேன் என்றுகூட நினைத்தேன். அவர் சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"சரி தங்கச்சி, நமக்கு விதிச்சது அவ்வளவுதான். ஒன் மேல எனக்கு வருத்தம் ஒண்ணுமில்ல. நீ ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரித்தான அடிச்சுக் குடுத்த, நான் பாத்துக்கிட்டுத்தான நின்னேன். நம்ம அத்தானுக்காவது கெடச்சுதே, அது போதும்."

எனக்கு அந்த மனுஷன் மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. சார் மேல் வந்ததைவிட, பாய் மேல் வந்ததைவிட அதிகமாக வந்தது. ஏன் கத்தாமல் நிற்கிறான், ஏன் கம்பியைப் பிடித்து உலுக்கவில்லை, ஏன் இன்னும் போகாமல் என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"பின்னாடி ஆள் நிக்காங்க, தள்ளுங்க" என்றேன்.